அம்மாவின் காபிக்குச் சீனித்துளசி: இலை நல்லதா, கடைப் பொடி நல்லதா?

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர்)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 67. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கும், அதற்கு முன்பிருந்தே இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். எதை விடச் சொன்னாலும் விட்டுவிடுகிறவர், நாளுக்கு மூன்று வேளை அருந்தும் காபியில் இரண்டிரண்டு கரண்டி அஸ்காவை மட்டும் விடமாட்டேன் என்கிறார். (எங்கள் வீட்டில் வெள்ளைச் சர்க்கரைக்கு இன்றும் அஸ்கா என்றுதான் பெயர், வெறுமனே சர்க்கரை என்று கேட்டால் நாட்டுச் சர்க்கரைதான் கைக்கு வரும்.)

சென்ற மாதம் புதுச்சேரிக்குப் போகும் வழியில் ஒரு நாற்றுப்பண்ணையில் ஸ்டீவியா என்கிற சீனித்துளசிக் கன்றுகள் இரண்டு வாங்கி வந்தேன். இலையைக் கிள்ளி வாயில் போட்டால் வியக்கும் அளவுக்கு இனிக்கிறது. ஆனால் ஐந்தாறு இலைகளைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவைத்துக் காபி போட்டுக் கொடுத்தபோது, அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு, “என்னடி இது, கஷாயத்துல வெல்லத்தக் கரைச்ச மாதிரி இருக்கு” என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு ஒரு கடையில், மேலே பச்சை இலைப் படம் போட்டு ‘தாவர இனிப்பு’ என்று எழுதியிருந்த பொடியை வாங்கினேன். ஒரு கரண்டி அஸ்காவுக்கு ஒரு கரண்டி போட்டால் போதும் என்று அதில் அச்சிட்டிருந்தது. சுவையைப் பற்றி அம்மா குறை சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தபோதுதான், சேர்மானங்களில் முதலாவதாக மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்றும், கடைசியாகத்தான் சீனித்துளசிச் சாறு என்றும் இருப்பதைக் கண்டேன். கடைக்காரரிடம் கேட்டதற்கு, அதெல்லாம் எல்லாப் பொடியிலும் இருப்பதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டு இலையைப் பயன்படுத்துவது நல்லதா, பொடியா? எவ்வளவு போடலாம்? தீபாவளிக்கு அதிரசம் சுட இது உதவுமா? ஐப்பசி மழையை இந்தச் செடி தாங்குமா? பக்கத்து வீட்டு அம்மா, இவை எதுவும் வேண்டாம், அதிமதுரத்தைக் கொதிக்கவைத்துச் சேர் என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய வேதியியல் வாத்தியார் (லாஸ்பேட்டை)

சகோதரிக்கு வணக்கம். பின்பக்கத்தைப் படித்தீர்களே, அதற்கே பாதி மதிப்பெண் தந்துவிடலாம்.

பெயரில் துளசி இருந்தாலும் இது துளசி இனம் அல்ல. சாமந்தியும் சூரியகாந்தியும் சேர்ந்த குடும்பம். பராகுவே, பிரேசில் எல்லைப் பகுதியில் வாழும் குவாரானி மக்கள் தங்கள் மாத்தே என்ற மூலிகைத் தேநீரில் இந்த இலையைத்தான் நெடுங்காலமாக இனிப்புக்குச் சேர்த்து வந்தார்கள். பெர்த்தோனி என்ற தாவரவியலாளர் 1899-ல் இதைப் பதிவு செய்தார். இலையிலிருந்து இனிப்புப் பொருளான ஸ்டீவியோசைடைத் தனியே பிரித்தெடுத்தவர்கள் 1931-ல் பிரான்சு நாட்டு வேதியியலாளர்கள். 1970-களிலிருந்து ஜப்பானியர்கள் இதைத் தொழிற்சாலை அளவில் பயன்படுத்தி வருகிறார்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சுத்திகரித்த சாற்றுக்கு 2015-ல் இடம் கொடுத்தது.

உங்கள் அம்மா சொன்ன கஷாயச் சுவை கற்பனை அல்ல. ஸ்டீவியோசைடு நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைத் தொடுவதோடு கசப்பை உணரும் இடங்களையும் தொடுகிறது. அதன் தம்பியான ரெபாடியோசைடு-ஏ என்பதில் அந்தக் கசப்பு குறைவு. நல்ல பொடிகளில் இந்த இரண்டாவது பொருளைத்தான் பெரும்பகுதியாக வைத்திருப்பார்கள். வீட்டு இலையில் இரண்டும் கலந்தே இருக்கும். அதைப் பாலோடு கொதிக்கவைத்தால் இலையின் துவர்ப்பும் பச்சை வாடையும் சேர்ந்து இறங்கிவிடும். ஆகவே இலையைக் கொதிக்கவைக்காதீர்கள். வெந்நீரை அடுப்பிலிருந்து இறக்கி, உலர்ந்த இலையை அதில் ஐந்து நிமிடம் மூடி வைத்து, வடிகட்டி அந்த நீரில் டிகாக்‌ஷன் இறக்குங்கள்.

அளவைப் பொறுத்தவரை, உலர்ந்த இலை சர்க்கரையைப் போல் சுமார் பத்து முதல் பதினைந்து மடங்கு இனிக்கும் என்று வைத்துக்கொண்டால், 5 கிராம் அஸ்காவுக்கு அரை கிராமுக்கும் குறைவான இலைத்தூளே போதும். அதாவது இரண்டு விரல் நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகை. சுத்திகரித்த சாறு ஏறக்குறைய 200 மடங்கு இனிப்பது. அப்படியானால் 5 கிராம் அஸ்காவின் இடத்தை நிரப்ப 25 மில்லிகிராம் போதும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு அது. இங்கேதான் உங்கள் கடைப் பொடியின் சூட்சுமம் இருக்கிறது. அந்தத் துணுக்கை யாரும் கரண்டியால் அள்ள முடியாது என்பதால், கரண்டியை நிரப்ப வேறொன்றைக் கொட்டுகிறார்கள். சேர்மானங்களை எடை அதிகமானது முதலில் வரும்படி எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே மால்ட்டோடெக்ஸ்ட்ரின் முதலில் வருகிறதென்றால் உங்கள் கரண்டியில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான். அது மாவுப்பொருளை உடைத்துச் செய்யப்படுவது. இனிக்காது, ஆனால் குடலில் குளுக்கோசாகவே மாறி வேகமாக இரத்தத்தில் கலந்துவிடும். அம்மா அருந்திய காபியில் அஸ்காவின் பெயர் போயிற்று, மாவுச்சத்து போகவில்லை. கடைக்காரர் சொன்னதுபோல் எல்லாப் பொடியிலும் இது இருக்கும் என்பதும் சரியல்ல. நிரப்புப் பொருள் இல்லாமல் சொட்டுச் சொட்டாக விடும் நீர்மமாகவும், சிறு மாத்திரையாகவும் கிடைப்பவை உண்டு.

பாதுகாப்பான உச்ச அளவையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2008-ல் வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியால் (இந்த இனிப்புப் பொருள்கள் குடலில் உடைந்து மாறும் வடிவம்). 60 கிலோ எடை உள்ளவருக்கு இது 240 மில்லிகிராம். ரெபாடியோசைடு-ஏ ஆகக் கணக்கிட்டால் சுமார் 720 மில்லிகிராம் வருகிறது. உங்கள் அம்மாவின் ஆறு கரண்டி அஸ்காவுக்கு ஈடாக வேண்டியதோ 150 மில்லிகிராம்தான். இந்த வரம்பு 95 விழுக்காட்டுக்குக் குறையாத தூய சாற்றுக்கு வகுக்கப்பட்டது. வீட்டு இலைக்கு இதே அளவுக்குச் சோதனைகள் நடக்கவில்லை. அமெரிக்காவில் சாற்றுக்குத் தடை சொல்லாத அதிகாரிகள் முழு இலையை இனிப்பூட்டியாக விற்க இன்னும் இசையாததற்கு இதுவே காரணம். ஒரு சிட்டிகை இலை கெடுதல் என்று நான் சொல்லவில்லை. நிரூபிக்கப்பட்டது எது, நிரூபிக்கப்படாதது எது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

பனங்காட்டான் (நெல்லிக்குப்பம்)

பராகுவே நாட்டுச் செடியை எதற்காகத் தேடிப் போகிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கரும்பு லாரிக்கு வழிவிட்டே வளர்ந்த ஊர்க்காரன் நான். ஆலைச் சர்க்கரை வேண்டாமென்றால் பனங்கருப்பட்டி இருக்கிறது, நாட்டுச் சர்க்கரை இருக்கிறது. இரண்டும் தாவரத்திலிருந்து வருபவைதாம், இரசாயனம் சேராதவைதாம். எங்கள் தாத்தா கருப்பட்டிக் காபி குடித்தே எண்பது தாண்டினார்.

மருந்துச் சீட்டு (முதலியார்பேட்டை)

பனங்காட்டான் ஐயாவுக்கு: தங்கள் தாத்தாவுக்குச் சர்க்கரை நோய் இருந்திருக்காது என்று நம்புகிறேன். கருப்பட்டியில் தாது உப்புகள் சிறிதளவு இருப்பது உண்மையானாலும், அதில் பெரும்பகுதி இருப்பது அஸ்காவில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். நோய் இல்லாதவருக்கு நான் இதைச் சொல்லி வாதாட மாட்டேன். ஆனால் மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு, ‘கருப்பட்டிதானே’ என்று நம்பி இரு மடங்கு போட்டுக் குடித்துவிட்டு அளவு எகிறியதும் வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

கேட்ட சகோதரிக்கு மூன்று செய்திகள். முதலாவதாக, அதிமதுரத்தைத் தயவுசெய்து தொடவேண்டாம். அதிமதுர வேரின் கிளிசிரைசின் இனிப்பானதுதான். ஆனால் அது நாள்தோறும் உள்ளே போனால் உடல் உப்பையும் நீரையும் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியேற்றும், இரத்த அழுத்தம் ஏறும். இருமலுக்கு ஒரு துண்டை மென்று துப்புவது வேறு; இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் 67 வயதுப் பெண்மணிக்கு மூன்று வேளையும் காபியில் கொடுப்பது வேறு. சிறுகுறிஞ்சானையும் சிலர் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது நாக்கின் இனிப்புணர்வைச் சிறிது நேரம் மறைப்பது, இனிப்பைத் தருவதன்று. சர்க்கரைக்கொல்லி என்ற பெயரே அதனால் வந்தது.

இரண்டாவதுதான் மிக முக்கியமானது; யாரும் இதைச் சொல்வதில்லை. அம்மா எடுப்பது கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையாகவோ இன்சுலினாகவோ இருந்தால், ஒருநாள் சாப்பாடு தள்ளிப்போய்ச் சர்க்கரை அளவு இறங்கி, கை நடுங்கி வியர்க்கக்கூடும். அந்த நேரத்தில் பதற்றத்தில் சீனித்துளசி போட்ட காபியையோ எலுமிச்சைச் சாற்றையோ கொடுத்தால் வாய் இனிக்குமே தவிர இரத்தத்தில் ஒன்றும் ஏறாது. அப்போது வேண்டியது 15 கிராம் குளுக்கோஸ், அல்லது தண்ணீரில் கரைத்த மூன்று கரண்டி அஸ்கா. கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். ஆகவே வீட்டிலிருந்து அஸ்கா டப்பாவை முழுக்க ஒழித்துவிடாதீர்கள். அதன்மேல் பெரிதாக எழுதி ஒட்டி, அம்மா தனியாக இருக்கும்போதும் கைக்கு எட்டும்படி வையுங்கள். இனிப்பை மாற்றுவதை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். மூன்று வேளையும் அஸ்கா குறைகிறபோது மாத்திரையின் அளவை அவர் பார்க்க வேண்டியிருக்கலாம்.

மூன்றாவது, நிரப்புப் பொருளாக எரித்ரிட்டால் என்று எழுதிய பொடிகளைப் பற்றியது. அது மால்ட்டோடெக்ஸ்ட்ரினைப் போலச் சர்க்கரையை ஏற்றாது. ஆனால் இரத்தத்தில் எரித்ரிட்டால் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக இருந்ததாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. நம் உடலே அதைச் சிறிது உற்பத்தி செய்வதால் காரணம் எது, விளைவு எது என்ற விவாதம் தீரவில்லை. நானாக இருந்தால் அதைத் தவிர்த்து நீர்மத்தை எடுப்பேன். அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதார அமைப்பு, உடல் எடையைக் குறைப்பதற்காக இத்தகைய இனிப்பூட்டிகளை நம்பவேண்டாம் என்று சொன்ன செய்தியைக் காட்டி யாராவது உங்களைப் பயமுறுத்தினால், ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று அவர்களே எழுதியிருப்பதையும் காட்டுங்கள்.

ஏரிப்பாசனம் (பாகூர்)

வணக்கம். செடியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ஐந்து ஆண்டுகளாக மாடியில் பத்துப் பன்னிரண்டு பைகளில் வளர்த்து, வளர்த்ததைவிடக் கூடுதலாகச் சாகடித்தவன்.

இது மழையை விரும்பும், தேங்கிய நீரை ஒரு நாளும் பொறுக்காது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் மாடியின் வடிகால் துளை இலைச் சருகால் அடைபட்டு, விடிந்து பார்த்தபோது பைகள் கணுக்கால் நீரில் நின்றன. நான்காம் நாள் இலைகள் பச்சை மாறாமலே துவண்டன. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் உரிந்து வந்தது. பிழைத்தது ஒன்றே ஒன்று, செங்கல்மேல் தூக்கி வைத்திருந்த பை. ஆகவே ஐப்பசி பிறக்குமுன் தொட்டியை உயர்த்தி, அடித்தட்டை எடுத்துவிட்டு, தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுங்கள். செம்மண், ஆற்றுமணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சமமாகக் கலந்தால் நீர் நிற்காது. கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரித்தால் அதை ஊற்றாதீர்கள், இலை ஓரம் கருகிவிடும்.

நம் ஊரில் இந்தச் செடிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பகல் ஏறத்தாழ 13 மணி நேரத்துக்குக் குறைந்தால் இது பூக்கத் தொடங்கிவிடும். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஜூன் மாதத்தில்கூடப் பகல் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. மார்கழியில் பதினொன்றரை மணி நேரம்கூட இராது. எனவே இங்கே இது ஆண்டு முழுவதும் பூக்கத் துடித்துக்கொண்டே இருக்கும். மிளகளவு வெள்ளை மொட்டு நுனியில் தெரிந்தவுடன் கிள்ளிவிட வேண்டும்; பூக்க விட்டால் இலை சிறுத்து இனிப்பும் குறையும். என் வீட்டில் காலை காபியை ஆற்றிக்கொண்டே மொட்டுக் கிள்ளுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அப்படிக் கிள்ளுவதால் பக்கக் கிளைகளும் வெடிக்கும்.

அறுப்பதை மொட்டு எழும் தருவாயில் வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து நான்கு விரல் விட்டு வெட்டி, நிழலில் வெள்ளைத் துணியில் பரப்பி, கையில் நொறுங்கும் பதம் வந்ததும் இலையை மட்டும் உருவிக்கொள்ளுங்கள். தண்டில் இனிப்பு மிகக் குறைவு, அதையும் சேர்த்து அரைத்தால் வைக்கோல் வாடைதான் மிஞ்சும். விதை பெரும்பாலும் முளைக்காது என்பதால், வெட்டும்போதே நுனித் தண்டுகள் நான்கைந்தை ஈரத் தென்னைநார்க் கழிவில் நட்டு நிழலில் வைத்தால், மழைக்குத் தாய்ச்செடி போனாலும் கன்று கையில் இருக்கும்.

அடுப்பங்கரை (மஞ்சக்குப்பம்)

தங்கச்சிக்கு: அதிரசத்தை மறந்துவிடுங்கள். அதிரசத்தில் வெல்லம் இனிப்புக்காக மட்டும் இல்லை. தண்ணீரில் விட்டால் உருண்டு திரளும் பாகுதான் அரிசிமாவைப் பிடித்து நிறுத்துகிறது, மாவை நாள்கணக்கில் கெடாமல் வைக்கிறது, எண்ணெயில் அந்தச் செம்பழுப்பு நிறத்தையும் தருகிறது. சீனித்துளசிக்குப் பாகு என்பதே கிடையாது. லட்டு, மைசூர்பாகு, கடலை உருண்டை எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

கேசரியாவது வருமென்று நான் சென்ற நவராத்திரியில் முயன்றேன். ஒரு கோப்பை ரவைக்கு ஏழெட்டுச் சொட்டு விட்டுக் கிளறினேன். சர்க்கரை இளகி வருகிற அந்த நெகிழ்ச்சி கடைசி வரை வரவே இல்லை. நெய்யை எவ்வளவு ஊற்றினாலும் ரவை குடித்துக்கொண்டே இருந்தது. தட்டில் கொட்டியபோது உதிர் உதிராக, ஏலக்காய் மணத்தோடு ஒரு தித்திப்பு உப்புமா. வந்தவர்கள் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள்.

எலுமிச்சைச் சாற்றில் இது மிக நன்றாக ஒட்டும்; புளிப்பும் ஒரு கல் உப்பும் தட்டிய இஞ்சியும் அந்தப் பின்கசப்பை மறைத்துவிடும். பாலில் செய்யும் பாயசத்திலும் போடலாம், சூட்டில் இனிப்புக் கெடாது. ஆனால் சேமியாவும் அரிசியும் எங்கே போகும்? பாலிலேயே 150 மில்லிக்கு ஏறத்தாழ 7 கிராம் பால்சர்க்கரை இருக்கிறது. ‘அஸ்கா போடாத பாயசம்’ என்று சொல்லி அம்மா கையில் இரண்டு கிண்ணம் கொடுத்துவிடாதீர்கள்.

காபிக்கு ஒரு யோசனை. முதல் நாளே முழுவதையும் மாற்றாமல் இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி ஒரு சொட்டு விடுங்கள். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே போங்கள். என் மாமியாருக்கு அப்படித்தான் பழக்கினேன்; அதில் சிக்கரி சற்று அதிகமான பொடியாகப் பார்த்து வாங்கினால் எந்தக் கசப்பு எதனுடையது என்பது தெரியாது.

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர்)

பதிலளித்த அனைவருக்கும் மிக்க நன்றி. உடனே எழுதாமல் ஐந்து வாரம் கழித்து வருவதற்கு மன்னிக்கவும். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

அந்தப் பொடியை நிறுத்திவிட்டு, நிரப்புப் பொருள் இல்லாத நீர்மத்தை வாங்கினோம். மருத்துவரிடம் காட்டியபோது, காபிக்குப் போடலாம் என்றார். மருந்துச் சீட்டு அண்ணன் சொன்ன மாத்திரைதான் அம்மாவின் சீட்டிலும் இருந்தது; அடுத்த மாதம் அளந்து பார்த்து அதன் அளவை முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். ‘மயக்கம் வந்தால் இதுதான்’ என்று எழுதி ஒட்டிய அஸ்கா டப்பா இப்போது பூஜை அலமாரிக்குக் கீழ்த்தட்டில் இருக்கிறது. அதை எட்டாத இடத்தில் வைப்பேன் என்று அஞ்சியிருந்த அம்மாவுக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

அரைக் கரண்டி வீதம் குறைத்து வந்ததில் காலைக் காபிகள் இரண்டும் அஸ்கா இல்லாமலே போகின்றன. மாலைக் காபிக்கு அரைக் கரண்டி வேண்டும் என்கிறார், அதற்குச் சம்மதித்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் அதிமதுரத்தைப் பற்றிச் சொன்னபோது, தமக்கும் இரத்த அழுத்தம் உண்டு என்று அன்றுதான் சொன்னார். அதிரசம் வழக்கம்போல வெல்லத்தில்தான் சுடப்போகிறோம், அம்மாவுக்கு ஒன்றே ஒன்று என்ற பேச்சோடு.

ஏரிப்பாசனம் ஐயா, செங்கல்மேல் தூக்கி வைத்த இரண்டு கன்றுகளில் ஒன்றில் நேற்று மொட்டுத் தெரிந்தது. நான் கிள்ளப் போவதற்குள் அம்மாவே கிள்ளி, அதையும் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, மொட்டு இனிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.